மூன்றாம் வரிசையில் மஞ்சள் கவுன்

இதை உட்கார்ந்து எழுதச் சொன்னதுதான் முதல் தப்பு. என்னால் ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஓர் இடத்தில் இருக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறேன், திரும்பி வந்து திறக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு அலைகிறாள் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

உங்கள் குழுவில் என் தங்கை மகள் ஒருத்தி இருக்கிறாள். யாரென்று சொல்ல மாட்டேன், சொன்னால் அவளைப் பிடித்து ஓட்டுவீர்கள். "பெரியம்மா, சென்னைல புதுசா பார்க் தொறக்கறாங்க, எங்களுக்கு மேடை ஷோல வேலை. ஆடியன்ஸ்லேர்ந்து குழந்தைங்களை எப்படிப் பொறுக்கறதுன்னு எழுதிக் குடுங்களேன்" என்றாள். அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி சொல்கிறாளே என்று எரிச்சல் வந்தது. யோசித்துப் பார்த்தால், முதல் வருஷம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் புனேயில், கட்கியில். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி, பள்ளிக்கூடத்தில் மராத்தி. தொண்ணூறுகளின் நடுவில் சிஞ்ச்வட் தாண்டி நெடுஞ்சாலையோரம் ஒரு கேளிக்கைப் பூங்கா வந்தது. மூன்று மொழியும் சரளமாகப் பேசுகிறாள், வாயும் நீளம் என்று என்னை எடுத்துக்கொண்டார்கள். பூங்காவின் பெயர் வேண்டாம். இப்போது அங்கே அடுக்குமாடிகள் நிற்கின்றன.

அங்கே நாளைக்கு மூன்று முறை ஒரு கோட்டை நாடகம் நடக்கும். கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் அரக்கன் கோட்டையைப் பிடித்துக்கொள்வான். பார்க்க வந்தவர்களிலிருந்து ஐந்து குழந்தைகள் மேடையேறி அவனை விரட்ட வேண்டும். ஒரு குழந்தை கயிறு இழுக்கும், ஒன்று முரசு அடிக்கும், ஒன்று கொடி பிடிக்கும், ஒன்று குடத்துத் தண்ணீரை எடுத்து அரக்கன் மேல் தெளிக்கும். ஐந்தாவது குழந்தைக்குத்தான் யோகம். அது மைக் முன்னால் நின்று "தார் உகட்" என்று சொல்ல வேண்டும். மராத்தியில் கதவைத் திற என்று அர்த்தம். சொன்னதும் இரண்டு ஆள் உயரக் கோட்டைக் கதவு திறக்கும், மேலேயிருந்து காகிதப் பூ கொட்டும், குழந்தை தலையில் கிரீடம் ஏறும். அந்த ஓர் இடத்துக்காக அம்மாக்கள் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஐந்து பேரையும் தேர்ந்தெடுப்பது என் வேலை. ஆனால் அது நான்தான் என்று யாருக்கும் தெரியக்கூடாது. அதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. நாடகம் தொடங்க இருபது நிமிஷம் இருக்கும்போது, அழுக்குச் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, துடைப்பத்தோடு கூட்டத்துக்குள் இறங்கிவிடுவேன். பெருக்குகிறவளை யார் பார்க்கிறார்கள்? அவள் முன்னால் அப்பா அம்மாவெல்லாம் அவரவராகவே இருப்பார்கள். பிள்ளையைக் கிள்ளுவார்கள், கொஞ்சுவார்கள், பாடம் ஒப்பிக்க வைப்பார்கள். நான் பெருக்கிக்கொண்டே போய், பிடித்த குழந்தையிடம் குனிந்து "வர்றியா?" என்று கேட்பேன். தலையாட்டினால் மணிக்கட்டில் சிவப்பு நாடா கட்டுவேன். அவ்வளவுதான்.

முதல் மாதம் நான் செய்த தப்பு எல்லாரும் செய்கிற தப்பு. அதிகமாகக் கத்திய பிள்ளையை எடுத்தேன். நாற்காலி மேல் ஏறிக் குதித்த ஒரு பையனுக்கு நாடா கட்டினேன். மேடைக்குப் போனவன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. விளம்பரப் பாட்டு ஒன்றை முழுசாகப் பாடினான், அரக்கனின் வாலைப் பிடுங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டான், கோட்டைக் கதவு திறப்பதற்குள் எங்களுக்கு மூச்சு நின்றுவிட்டது. ஆசை வேறு, ஆர்ப்பாட்டம் வேறு என்று அன்றைக்குப் புரிந்தது. ஆனால் அது சின்னத் தப்பு, சிரித்துவிட்டுப் போகலாம்.

அன்று வாலை இழந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வார நாட்களில் ஆகுர்டியில் ஒரு வண்டி உதிரிபாகப் பட்டறையில் வேலை, சனி ஞாயிறு எங்களிடம் அரக்கன். மராத்திக்காரர், ஏறக்குறைய என் வயது. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் அரக்கர்தான். அந்த முகமூடியில் தெரிகிற பெரிய கண்கள் சும்மா வரைந்தவை. வாய்க்குள் இருக்கிற வலை வழியாகத்தான் அவருக்குப் பார்வை, அதுவும் கீழ்நோக்கி. மேடையில் குழந்தைகளின் முகம் அவருக்குத் தெரியாது. கால் மட்டும்தான் தெரியும்.

"கையைப் பாத்து எடுக்கறே நீ. கையை அம்மா தூக்கிவிடலாம், அப்பா தூக்கிவிடலாம். காலைப் பாரு. அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கறதில்லை" என்று மராத்தியில் சொன்னார். வர ஆசைப்படுகிற குழந்தையின் கால் நாற்காலி விளிம்புக்கு வந்து தரையைத் தேடும். வேண்டாதது காலை உள்ளே இழுத்துக்கொள்ளும். எனக்கு அது அப்போது பெரிதாகப் படவில்லை. முகமூடிக்குள் இருக்கிறவருக்கு வேறென்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மூன்று வருஷத்தில் எனக்குத் தொழில் கைவந்துவிட்டது. அதாவது தலைக்கனம் வந்துவிட்டது. அப்போதுதான் அந்த அப்பா வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாவது காட்சி முடிந்து, காலியான அரங்கை நிஜமாகவே பெருக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, "யக்கா, நீங்க தமிழா?" என்று குரல். திரும்பினால் நாற்பது வயதுக்காரர் ஒருவர், பக்கத்தில் எட்டு வயதுப் பெண் குழந்தை. நான் வாய்க்குள் தமிழில் திட்டிக்கொண்டே பெருக்குகிற பழக்கம், அது அவர் காதில் விழுந்திருக்கிறது.

"ஆமா, என்ன வேணும்?"

"கொழந்தைங்களைப் பொறுக்கறது நீங்கதானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் பெருக்கறவ" என்றேன்.

அவர் சிரித்தார். "ஃபேக்டரில எனக்குச் சரக்கை செக் பண்ற வேலை யக்கா. கண்ணு சும்மா இருக்காது. இன்னிக்கு ரெண்டு ஷோ பாத்தேன். நீங்க எங்க குனியறீங்களோ, அங்கேர்ந்துதான் அஞ்சு கொழந்தையும் எழுந்து போவுது."

அத்தனை வருஷத்தில் அதைக் கண்டுபிடித்த ஒரே மனிதர் அவர்தான். கோபம் வந்திருக்க வேண்டும். எனக்குப் பெருமை வந்தது. அதோடு, வேலை செய்கிற இடத்தில் ஒருவர் வேலூர்ப் பேச்சில் "யக்கா" என்று கூப்பிட்டால் எனக்குள் ஏதோ இளகிவிடும். அது என் பலவீனம், உங்களுக்கு வேறு ஏதாவது இருக்கும். எதுவென்று முதலிலேயே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் விஷயத்தைச் சொன்னார். மகள் வீட்டில் நன்றாகப் பேசுவாள். வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. டீச்சரிடம், பக்கத்து வீட்டில், கடையில் யாரிடமும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"டாக்டர் தொண்டையில ஒண்ணும் இல்லைன்றாரு. ஸ்கூல்ல வாயில இன்னா கொழுக்கட்டையான்னு கேக்கறாங்க. வர்ற பரீட்சையில வாயத் தொறந்து பதில் சொல்லலன்னா இதே கிளாஸ்ல நிறுத்திடுவோம்னு சொல்லிட்டாங்க யக்கா. இத்தனை பேர் முன்னாடி மைக்குல ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுச்சுன்னா பயம் வுட்டுப் போயிடும். ரெண்டே வார்த்தைதானே, தார் உகட். வூட்ல அழகா சொல்லுது."

குழந்தை அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு என் துடைப்பத்தையே பார்த்தது.

நான் நேரே முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யாருக்கும் சொல்லாத விவரத்தையெல்லாம் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது வரிசை, நடைபாதை ஓரம். அங்கிருந்துதான் மேடைப் படிக்கு நேர் வழி, நாங்கள் பெரும்பாலும் அங்கேயே எடுப்போம். மஞ்சள் உடை, விளக்கில் எடுப்பாகத் தெரியும், விளக்குப் போடுகிறவர் அந்த நிறத்தைத்தான் கேட்பார். கத்த வேண்டாம், கையை நேராகத் தூக்கி அசையாமல் வைத்திருந்தால் போதும். அவர் ஒவ்வொன்றையும் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து வந்தார்கள். மூன்றாவது வரிசை, நடைபாதை ஓரம், புத்தம் புது மஞ்சள் கவுன். கை நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. பெருக்கிக்கொண்டே போய்க் குனிந்து, "வர்றியா கண்ணு?" என்றேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையாட்டினார். நான் நாடாவைக் கட்டினேன்.

அந்த நிமிஷத்தை எத்தனை தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. ஏனென்றால் நான் அவள் காலைப் பார்த்தேன். பார்க்காமல் இல்லை. இரண்டு காலும் நாற்காலிக் காலைச் சுற்றிக் கொடி மாதிரி பின்னிக்கொண்டிருந்தன. நாடா கட்டினபோதும் அவிழவில்லை. பார்த்துக்கொண்டே கட்டினேன்.

மற்ற நான்கு குழந்தைகளும் அவரவர் வேலையை முடித்தார்கள். அவள் முறை வந்தது. மைக்கைத் தாழ்த்தி வைத்தார்கள். அரங்கம் நிறைந்த கூட்டம், எல்லாரும் சத்தத்தை நிறுத்திக் காத்திருக்கிறார்கள். அவள் வாய் மூடியே இருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்யக்கூடாதோ அதையெல்லாம் வரிசையாகச் செய்தோம். மேடையில் கதை சொல்கிறவர் "போல் பேட்டா, போல்", பேசு கண்ணு பேசு, என்று இந்தியில் சொன்னார். கூட்டம் அதையே பிடித்துக்கொண்டு தாளம் போட்டது. அவள் அப்பா எழுந்து நின்று வாயசைத்துக் காட்டினார். நானும் நடைபாதையில் நின்று, வேஷத்தை மறந்து, "சொல்லு கண்ணு, சொல்லு" என்று கத்தினேன். ஒவ்வொரு குரலுக்கும் அவள் இன்னும் கொஞ்சம் சுருங்கினாள். 

அரக்கருக்கு அவள் முகம் தெரியாது. ஆனால் அவள் செருப்பைச் சுற்றி மேடைப் பலகை ஈரமாவது தெரிந்தது. மேடையில் நின்ற இடத்திலேயே குழந்தை ஒண்ணுக்குப் போய்விட்டது. இன்னும் நாலைந்து நொடியில் முன்வரிசை பார்த்துவிடும், அப்புறம் ஒருவரும் மறக்க மாட்டார்கள், அவளும் மறக்க மாட்டாள்.

அவர் ஒரே எட்டில் தண்ணீர்க் குடத்தை எடுத்தார். அவள் முன்னால் தடுக்கி விழுகிறவர் மாதிரி விழுந்து, முழுக் குடத்தையும் கவிழ்த்தார். அவர் மேல் பாதி, அவள் மேல் கொஞ்சம், மீதி மேடை முழுக்க. உருண்டு எழுந்து கைகூப்பிக்கொண்டு அலறினார்: "ஐயோ, இவள் ஒரு வார்த்தை பேசாமல் முறைக்கிறாளே! திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன், இந்த முறைப்பை என்னால் தாங்க முடியவில்லை! நானே போய்விடுகிறேன்! தார் உகட்! தார் உகட்!"

கோட்டைக் கதவை இயக்குகிறவனும் கெட்டிக்காரன், திறந்துவிட்டான். அரக்கர் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கூட்டம் சிரித்துச் சிரித்து எழுந்து நின்று கை தட்டியது. காகிதப் பூ கொட்டியது. நனைந்த மஞ்சள் கவுனோடு அவள் கிரீடம் வைத்துக்கொண்டு நின்றாள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

மேடைக்குப் பின்னால் அரக்கர் முகமூடியைக் கழற்றியபோது முகம் சிவந்திருந்தது. "காலைப் பார்த்தாயா?" என்று கேட்டார்.

"பார்த்தேன்" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அப்போ நீ தேர்ந்தெடுத்தது அந்தப் பொண்ணை இல்ல. அவ அப்பனை." சொல்லிவிட்டு நனைந்த வாலைப் பிழியப் போய்விட்டார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள். ஒரு பிள்ளையின் வாயை அதன் அப்பனிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மேல் எனக்கே அவ்வளவு அருவருப்பாக இருந்தது.

அந்த வாரத்திலிருந்து நான் கேட்கிற கேள்வியை மாற்றினேன். "வர்றியா?" என்பதோடு நிறுத்துவதில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், இடம் நிரம்பிவிட்டது என்று உங்கள் வீட்டுக்காரர்களிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று, காதருகில், அந்தந்தக் குழந்தையின் மொழியில் சொல்வேன். இந்திக் குழந்தை என்றால் "நஹீ போல்னா பீ சலேகா", முடியாது என்றாலும் பரவாயில்லை. கேட்கும்போது அப்பா அம்மாவுக்கும் குழந்தைக்கும் நடுவில் என் முதுகை வைத்துக்கொள்வேன். அம்மா முகத்தைப் பார்க்க முடிந்தால் குழந்தைகள் அம்மாவின் பதிலைத்தான் சொல்லும். இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள். பத்தில் மூன்று குழந்தை, வீட்டார் கையைப் பிடித்துத் தூக்கிவிட்ட குழந்தைகள், வேண்டாம் என்றுதான் சொல்லின.

ஒரு மாதம் போயிருக்கும். ஞாயிறு முதல் காட்சி. துடைப்பத்தோடு உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நடைபாதை ஓரம் முழுக்க, மூன்றாவது வரிசையிலிருந்து கடைசி வரிசை வரைக்கும், மஞ்சள். மஞ்சள் சட்டை, மஞ்சள் பாவாடை, ஒரு கைக்குழந்தைக்கு மஞ்சள் குல்லா. எல்லாக் கையும் நேராக, அசையாமல், சத்தமே இல்லாமல் மேலே நிற்கிறது. நடுவில் அந்த அப்பா பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"நம்ம காலனி மொத்தம் வேன் வெச்சு இட்டாந்துட்டேன் யக்கா. எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துட்டேன்."

தன் வினை தன்னைச் சுடும். திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அரக்கர், "இன்னிக்கு சாமந்தித் தோட்டத்துல பெருக்கப் போறியா?" என்றார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். மேலாளர் கண்ணில் பட்டால் என் வேலை போகும். ஆனால் அதைவிட, மூன்றாவது வரிசை ஓரத்தில் பழைய மஞ்சள் கவுனோடு உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்துத்தான் கலக்கம். கை தூக்கியிருந்தது. கால் நாற்காலிக் காலைச் சுற்றிப் பின்னியிருந்தது.

அப்பா என் பக்கம் சாய்ந்தார். "போன தடவ கூட்டத்தப் பாத்து பயந்துடுச்சு யக்கா. இன்னும் ஒரே ஒரு சான்ஸ் குடுங்க. அடுத்த வாரம் பரீட்சை. இன்னிக்கு வுட்டா அவ்ளோதான்." கண் கலங்கியிருந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று நான் கேலி செய்கிற ரக அப்பா இல்லை அவர். நிஜமாகவே வேறு வழி தெரியாத மனிதர்.

மணி அடிக்க மூன்று நிமிஷம். நான் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் முன்னால் மண்டியிட்டேன்.

"வர்றியா? வேணாம்னா வேணாம்னு சொல்லு. எடம் ரொம்பிடுச்சுன்னு அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அவள் வழக்கம்போல அப்பாவைத் தேடினாள். என் தோள் மறைத்தது. அப்புறம் என்னைப் பார்த்தாள். கை மேலேயே இருந்தது. நான் காத்திருந்தேன். எனக்குக் காத்திருக்கவே வராது, உங்களுக்குத்தான் தெரியுமே. அந்த அரை நிமிஷம் அசையாமல் இருந்தது போல நான் வாழ்க்கையில் இருந்ததில்லை.

"வேணாம்" என்றாள்.

கரகரப்பான, தெளிவான குரல். நான் கேட்பேன் என்று நினைத்த குரலே இல்லை. கை இறங்கியது. கால் இரண்டும் நாற்காலிக் காலைவிட்டு அவிழ்ந்து, முன்னும் பின்னும் ஆடத் தொடங்கின.

எழுந்து திரும்பினேன். "எடம் ரொம்பிடுச்சுங்க" என்றேன். பின்வரிசையில் மஞ்சள் போடாத ஒரு குழந்தைக்கு மிச்சமிருந்த கடைசி நாடாவைக் கட்டிவிட்டு வந்தேன். அப்பா அப்படியே உட்கார்ந்திருந்தார், முகம் செத்துப்போயிருந்தது.

"பேசியிருக்கும் யக்கா" என்றார். "இன்னிக்கு மட்டும் மேடையேறியிருந்தா, நிச்சயம் பேசியிருக்கும்."

பேசிவிட்டாள் ஐயா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் என்ன பேசினாள் என்று கேட்பார். அதையும் சொல்ல வேண்டும். அவள் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து, காலை ஆட்டிக்கொண்டே, நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வெளியே முதல் முதலாக ஒருத்தியை நம்பி ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறாள். அதைக் கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்தால் இரண்டாவது வார்த்தை யாருக்கும் வராது என்று அந்த நொடியில் தோன்றியது. தோன்றியது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பரீட்சையில் என்ன ஆயிற்று என்றும் தெரியாது. அவர்கள் அப்புறம் வரவில்லை.

"ஆமாங்க, பேசியிருக்கும்" என்றேன். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, பெருக்கின இடத்தையே மணி அடிக்கிறவரை திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.